பட்டுவுக்குக் குடுமி கட்டிய காலை

"இதுக்கு என்மேல பாசமே கிடையாதும்மா. இங்கேயே விட்டுட்டுப் போறேன்."

ஆவுடையப்பன் நாய்க்கூடையை வாசலில் இறக்கி வைத்தார்.

மங்கையம்மாள் பூக்கட்டிக்கொண்டிருந்தார். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்கு நடுவே அவருடைய சின்ன ஓட்டு வீடு. வயதில் ஆவுடையப்பனுக்குத் தங்கை முறை வைக்கலாம். ஆனாலும் ஆவுடையப்பனுக்கு அவர்தான் குரு.

கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவர் ஆவுடையப்பன். மனைவி போனபிறகு வீட்டின் நிசப்தம் தாங்காமல் இங்கே வந்து உபதேசம் கேட்டார். ஏதாவது மந்திரம் கிடைக்கும் என்று நினைத்திருந்தார்.

ஒரு சின்ன உயிரை வளருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார் மங்கையம்மாள்.

சொன்னதை ஆவுடையப்பன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊரெல்லாம் விசாரித்தார். பொமரேனியன் ஓயாமல் குரைக்கும் என்றார்கள். கடைசியில், மடியில் அடங்குகிற, முடி தரையைத் தொடுகிற லாசா ஆப்சோ இன நாய்தான் என்று முடிவுக்கு வந்தார்.

குட்டிகளைப் பார்க்கப் போன இடத்தில், ஒரு கறுப்புக்குட்டி அவர் வேட்டி நுனியைக் கவ்விக்கொண்டு விடவில்லை. அதை மெல்ல விலக்கிவிட்டு, மூலையில் தூங்கிய பொன்னிறக் குட்டியைத் தூக்கிக்கொண்டார். அதற்குத்தான் முடி அடர்த்தி.

பட்டு என்று பெயர் வைத்தார்.

வளர்ப்பிலும் ஒரு குறை வைக்கவில்லை. தினமும் சிக்கெடுத்துச் சீவினார். குளிப்பாட்டினால் அடிமுடிவரை ஈரம் போகத் துவட்டினார். காதைப் பஞ்சால் துடைத்தார். பட்டு வளர வளர, நெற்றிமுடி மூக்குவரைக்கும் அருவியாக இறங்கியது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பட்டுதான் ஒட்டவில்லை. தொட்டால் திடுக்கிட்டு விலகும். கூப்பிட்டால் நாற்காலிக் காலில் போய் முட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும்.

இதையெல்லாம் சொல்லி முடித்தார் ஆவுடையப்பன். பிறகு குரல் இறங்கியது.

"ஒருநாளாவது இது என் முகத்தைப் பார்த்ததில்லைம்மா."

மங்கையம்மாள் பூச்சரத்தை ஓரமாக வைத்தார். கூடையைத் திறந்து பட்டுவை மடியில் எடுத்து வைத்தார். பூக்கட்டும் வாழைநாரில் ஓர் இழை கிழித்தார். நெற்றிமுடியை மொத்தமாக அள்ளி, உச்சந்தலையில் ஒரு குடுமி போட்டார்.

கீழே இறக்கிவிட்டார்.

பட்டு அசையாமல் நின்றது.

ஒரு தும்மல் போட்டது.

பிறகு காப்பிச் செடியைப் பார்த்தது. கொடியில் ஆடிய சேலையைப் பார்த்தது. வேலியோரம் மேய்ந்த கோழியைப் பார்த்ததும் அதற்குத் தலைகால் புரியவில்லை. குடுமி ஆட ஆட முற்றத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. கோழி கூரையேறிவிட்டது.

ஓடிவந்த வேகத்தில் ஆவுடையப்பன் முன்னால் வந்து நின்றது.

அண்ணாந்து பார்த்தது.

குரைத்தது.

"ஏம்மா என்னைப் பார்த்துக் குரைக்குது?"

"புது ஆள் இல்லையா," என்றார் மங்கையம்மாள்.

பட்டு ஆவுடையப்பன் பாதத்தை மோந்தது. தெரிந்த வாசனை. மறுபடி அண்ணாந்து, முழங்கால், வயிறு, மூக்குக்கண்ணாடி என்று மெதுவாக மேலே பார்த்துக்கொண்டே வந்தது.

வால் சுழலத் தொடங்கியது. அப்புறம் உடம்பே சுழன்றது.

ஆவுடையப்பன் இஸ்திரி போட்ட வேட்டியோடு ஈரப்புல்லில் உட்கார்ந்துவிட்டார். பட்டு மடியேறி, தோளேறி, கண்ணாடியைத் தட்டிவிட்டு முகமெல்லாம் நக்கியது. அவர் அதன் தலையை இரண்டு கைகளிலும் ஏந்திப் பிடித்தார்.

"இதோட கண்ணு பழுப்பு," என்றார், யாரும் கேட்காமலே. கொஞ்சம் பொறுத்து, "தேன் மாதிரி பழுப்பு," என்றார்.

மங்கையம்மாள் மறுபடி பூக்கட்ட உட்கார்ந்தார்.

"இங்கேயே விட்டுட்டுப் போறேன்னு சொன்னீங்களே."

"எதை?" என்றார் ஆவுடையப்பன்.