முள்ளி கேட்ட எட்டு நாள்

ஆலங்காட்டு விலங்குகளுக்கு ஒரு மின்னஞ்சல் நிலையம் இருந்தது. மலையடிவாரக் குகையில் இருந்த அதன் சர்வர் கணினியை முள்ளி என்ற முள்ளம்பன்றி பார்த்துக்கொண்டது. காட்டில் எங்கே ஆபத்து வந்தாலும் கடிதம் முதலில் அங்கேதான் வரும். அங்கிருந்து எல்லாக் கூட்டங்களின் கைப்பேசிக்கும் போகும்.

சர்வருக்குள் கடிதங்களைச் சேமித்து வைத்தது ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். தட்டு சுழலச் சுழல, ஒரு ஊசி ஓடி ஓடிக் கடிதங்களைத் தேடும். கடிதங்கள் குவிந்துவிட்டால் அதற்கு மூச்சு வாங்கும். ஒருநாள், "ஓடைப் பாதையில் கண்ணி வைத்திருக்கிறார்கள்" என்று மான் எழுதிய கடிதம் அரை மணி நேரம் வரிசையிலேயே கிடந்தது. அதற்குள் காட்டுப்பன்றியின் கால் கண்ணியில் மாட்டிக்கொண்டது. உயிர் தப்பினாலும் அது நொண்டிக்கொண்டுதான் வீடு வந்தது.

முள்ளிக்கு மனசு ஆறவில்லை. காட்டின் தலைவரான கரடியிடம் போயிற்று.

"தலைவரே, இந்த டிஸ்க் இனித் தாங்காது. எஸ்.எஸ்.டி. என்ற புதுவகை டிஸ்க் வாங்குவோம். அதில் சுழல்வது எதுவும் கிடையாது. கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிடும்."

கரடி சம்மதித்தது. மறுநாளே வியாபாரி நரி ஓர் எஸ்.எஸ்.டி.யோடு வந்தது.

"இரண்டு குடம் தேன் கொடுங்கள், போதும். வேகத்தை நீங்களே பாருங்கள்" என்றது.

அதைச் சர்வரில் மாட்டிப் பார்த்தன. ஆயிரம் கடிதங்கள் கண்மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்தன. கூடியிருந்த விலங்குகள் துள்ளிக் குதித்தன.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றது முள்ளி.

காட்டுப்பன்றியை ஒரு கடிதம் அனுப்பச் சொன்னது. 'பத்திரமாகச் சேர்ந்தது' என்று திரையில் வந்த அதே நொடி, சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கியது. மறுபடி இணைத்துப் பார்த்தது. கடிதம் இருந்தது. இப்படிப் பத்து முறை செய்தது. மூன்று முறை கடிதத்தைக் காணவில்லை.

நரியின் முகம் சுருங்கியது. "சத்தியமாக எனக்கு இது தெரியாது, முள்ளி."

"தெரிந்து செய்தாய் என்று நான் சொல்லவில்லை. இது எழுதி முடிக்கும் முன்பே 'முடித்துவிட்டேன்' என்கிறது. அந்நேரம் கரண்ட் போனால் கடிதமும் போய்விடும். சர்வருக்கென்றே செய்த எஸ்.எஸ்.டி. உண்டு. அது தனக்குள் கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும். கையில் இருப்பதை எழுதிவிட்டுத்தான் அணையும்."

"அதற்கு ஐந்து குடம் தேன் ஆகும். கடிதம் வைக்க இடமும் பாதிதான். வந்து சேர எட்டு நாளாகும்" என்றது நரி.

கரடி முனகியது. "பத்தில் மூன்று தடவைதானே? அதற்காகவா எட்டு நாள் காத்திருப்பது?"

காட்டுப்பன்றி அடிபட்ட காலை முன்னால் நீட்டியது. "எனக்கு ஒரே ஒரு தடவைதான் நடந்தது, தலைவரே."

கரடி அந்தக் காலைப் பார்த்தது. நல்லதையே வரவழைக்கச் சொன்னது.

அந்த எட்டு நாளும் முள்ளிக்கு ஏச்சுத்தான். கையில் கிடைத்ததைத் திருப்பி அனுப்பிவிட்டதே என்று குரங்குகள் குகை வாசலிலேயே வந்து கத்தின. முள்ளியோ பழைய டிஸ்க்கின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவசரக் கடிதங்களைத் தேடித்தேடி முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் புதியது வந்தது. முள்ளி இருபது முறை கம்பியைப் பிடுங்கியது. ஒரு கடிதமும் தொலையவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம். ஏரிக்கரைக் கொக்கு எழுதியது: "மீன்கள் செத்து மிதக்கின்றன. தண்ணீரில் விஷம். யாரும் குடிக்காதீர்கள்." 'பத்திரமாகச் சேர்ந்தது' என்ற பதிலைப் பார்த்துவிட்டுத் தன் குஞ்சுகளோடு பறந்துவிட்டது. அதே நேரம் காற்றில் ஒரு கிளை முறிந்து குகையின் மின்கம்பிமேல் விழுந்தது. சர்வர் அணைந்தது. யானைக் கூட்டமோ குட்டிகளோடு ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

கரடி ஓடிவந்து கிளையைத் தூக்கி எறிந்தது. முள்ளி கம்பியை இணைத்தது. சர்வர் கண் விழித்தது. முதல் கடிதமே கொக்கினுடையது. அடுத்த நொடி அது எல்லோருக்கும் போயிற்று.

தண்ணீரை நோக்கித் துதிக்கையை நீட்டிய குட்டியை, கைப்பேசியில் கடிதத்தைப் பார்த்த தாய் யானை இழுத்துப் பின்னால் தள்ளியது.

கொஞ்ச நேரத்தில் முள்ளிக்குத் தாய் யானையிடமிருந்து கடிதம் வந்தது. "மலை ஊற்றுக்கு வந்துவிட்டோம். எல்லோரும் நலம்." முள்ளி அதை இரண்டு முறை படித்தது. குகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நிம்மதியாக மூச்சு விட்டது.

நல்ல நேரத்தில் காட்டும் வேகத்தைப் பார்த்து மயங்காமல், கெட்ட நேரத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றுமா என்று சோதித்த பிறகே எதையும் நம்பித் தேர்ந்தெடுக்க வேண்டும்.