வழியில் குடியிருந்த ஈறு

ஓய்வுபெற்ற கண்டக்டர் ஞானதிரவியத்தின் வாயில் ஓர் ஈறு குடியிருந்தாள். முன்பற்களுக்குக் காவல். ஒழுங்காக இருந்தவள்தான், ஆறே மாதத்தில் புசுபுசுவென்று ஊதி, பற்களில் பாதி உயரம் ஏறிவிட்டாள்.

"ஏண்டி, கழுத்து வரைக்கும் போர்த்துறே? மூச்சு முட்டுது," என்றது முன்பல்.

"நான் என்ன ஆசைப்பட்டா வளர்றேன்?"

"அழுக்கு புடிச்சவ. அதான் வீங்குறா," என்றது பிரஷ்.

"ரெண்டு வேளையும் தேய்க்கிறது நீதானே? அப்போ அந்த அழுக்கு யாரோட லட்சணம்?"

பிரஷ் நுரையை உதறிவிட்டுத் தன் குவளைக்குள் போய் நின்றுகொண்டது.

பல் டாக்டர் எஸ்தர் இரண்டு முறை பல்லில் படிந்த காரையைச் சுரண்டிப் பார்த்தார். இரண்டு முறையும் ஈறு மறுபடி ஊதினாள். "இனி வெட்டித்தான் எடுக்கணும்," என்றுவிட்டார்.

குற்றவாளி யாரென்று ஈறுக்குத் தெரியும். தினமும் காலை பத்து மணிக்கு ஜம்மென்று உள்ளே இறங்கும் பிரஷர் மாத்திரை!

"இதயத்துக்கு ஊழியம் செய்யப் போறேன். வழி விடு," என்பான்.

"போறப்போ நல்லவன்தான். ரத்தத்துல ஏறித் திரும்பி வந்து என்னை ஊத வைக்கிறது யாரு?"

"இதயம் பெரிசா, நீ பெரிசா?"

"பெரிய வீட்டுல வேலை பார்த்தா, பக்கத்துக் குடிசையை மிதிக்கலாமோ?"

மாத்திரை தண்ணீரோடு நழுவிவிடுவான்.

வெட்டும் நாள் வந்தது. "மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களாய்யா?" என்று டாக்டர் மறுபடி கேட்டார்.

"ஒரு மருந்தும் கிடையாதும்மா," என்றார் ஞானதிரவியம், எப்போதும்போல.

ஈறு நாக்கின்மேல் பாய்ந்தாள். "ஏன்டா பொய் சொல்றே?"

"பொய் இல்லை. காய்ச்சலுக்கு நாலு நாள் போட்டாத்தான் அவருக்கு மருந்து. தினம் போடுறது சாப்பாட்டுல சேர்த்தி. பல்லுக்கு வந்த இடத்துல நெஞ்சைப் பத்தி யாரு பேசுவா?"

"கத்தி என் கழுத்துக்கு வருது! சாப்பாடுன்னாவது சொல்லித் தொலையேன்!"

நாக்கு சட்டென்று அசைந்து கொடுத்தது.

"சீக்கிரம் முடிங்கம்மா," என்றார் ஞானதிரவியம். "பத்து மணிக்குப் பிரஷர் மாத்திரை, அப்புறம் நாலு இட்லி."

டாக்டரின் கை அப்படியே நின்றது. "அய்யா! இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

இதய டாக்டருக்குப் போன் போனது. "நீங்களா நிறுத்திடாதீங்க. அவரே வேற மாத்திரை எழுதித் தர்றாராம். தேய்க்கிறதையும் விட்டுடாதீங்க," என்றார் எஸ்தர்.

சில மாதங்களில் ஈறு மெல்ல மெல்ல இறங்கித் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். முன்பல் நிம்மதியாக மூச்சுவிட்டது.

புது மாத்திரை வந்த முதல் நாளே அவனை வாசலில் நிறுத்தி வைத்துச் சொல்லியிருந்தாள்:

"இதயத்துக்குத்தானே? நல்லபடியா போ. ஆனா வழியில ஆள் குடியிருக்கு."