பேச்சித்தாய் போட்ட தளைநார்

அந்தக் காலத்தில் எருமை பேசியது, காக்கை பேசியது, பனங்காட்டு ஓணான்கூட வாய் ஓயாமல் பேசியது. செத்துப்போனவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? அவர்களும் பேசினார்கள். பேசியதோடு நிற்காமல், புதைத்துவிட்டு வந்தவர்கள் குளித்துத் தலை துவட்டுவதற்குள் எழுந்து வீட்டுக்கு நடந்தும் வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் சோறு கேட்கமாட்டார்கள், பாய் கேட்கமாட்டார்கள். அவர்களுக்கு நிழல் விழாது, வெயிலும் சுடாது. செய்ய வேலை எதுவும் இல்லாததால் வாய் மட்டும் நீண்டுவிடும். குழம்பில் புளி கூடிப்போச்சு, மருமகள் போட்ட கோலம் கோணல், ஆட்டை ஏன் அந்த மரத்தில் கட்டினாய் என்று நாள் முழுக்க நச்சரிப்பார்கள். சலித்துப்போன பிறகு ஒருநாள் தாமாகவே எமனுடைய எருமைமேல் ஏறிப் போய்ச் சேர்வார்கள். சிலருக்குச் சலிக்கவே சலிக்காது. நம் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா என்ன!

தேரி என்கிற செம்மணல் மேட்டுக் காட்டின் ஓரத்து ஊர் ஒன்றில் பொன்னிருளன் என்றொரு பனையேறி இருந்தான். மனைவி பெயர் பேச்சித்தாய். ஒரே மகள் சந்தனக்கனி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பொன்னிருளனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சாவு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். சொன்ன வாரமே, பதநீர்க் கலயத்தோடு மரத்திலிருந்து இறங்கியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

தேரிக்கு அப்பால் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பேச்சித்தாய் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோது, தலையெல்லாம் செம்மண்ணோடு வாசலில் நின்றான் பொன்னிருளன்.

"வந்துட்டியளா?" என்றாள் அவள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வராம எங்கட்டி போவேன்? பேரப்பிள்ளைய நாந்தான் முதல்ல பாப்பேன்" என்று சொல்லிவிட்டு, வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

அவன் அங்கே உட்கார்ந்த நாளிலிருந்து வீட்டில் ஒன்று நடக்காமல் நின்றுவிட்டது. சந்தனக்கனிக்கு நாள் நிறைந்தது, நிறைந்து தாண்டியது. வலி வரும், மருத்துவச்சி ஓடிவருவாள், வெந்நீர் கொதிக்கும். பிறகு வலி அப்படியே அடங்கிவிடும். சந்தனக்கனி நாளுக்கு நாள் வெளுத்துப்போனாள். அவளால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை.

"பிள்ள வாசல் வரைக்கும் வருது, எதையோ பாத்துட்டுத் திரும்பிப் போவுது. இன்னும் இப்படியே இருந்தா தாயும் தங்காது, பிள்ளையும் தங்காது" என்றாள் மருத்துவச்சி.

பேச்சித்தாய் குலசாமிக்கு நேர்ந்தாள். பொன்னிருளன் வாசற்படியில் இருந்தபடியே, "தைரியமா இரு மக்கா, அப்பா இங்கனதான் இருக்கேன்" என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் இருப்பதுதான் சிக்கல் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதைச் சொன்னது எமனுடைய எருமை. உச்சிவெயிலில் மூச்சு வாங்க வந்து, தொட்டித் தண்ணீரைக் கேட்காமலே குடித்துவிட்டுப் பேச்சித்தாயைக் கூப்பிட்டது.

"ஏ தாயி, உன் வீட்டுக்காரனை எப்போ அனுப்பப் போறே? அவனைத் தேடி இந்தத் தேரி மணல்ல நடந்து நடந்து என் குளம்பு தேஞ்சுபோச்சு."

"பேரப்பிள்ளையப் பாத்துட்டு வந்துருவாவ."

"நல்லாப் பாத்தான்! உலகத்துக்குள்ள வர்றதுக்கும் போறதுக்கும் ஒரே வாசல்தான். போகவேண்டியவன் படியிலே குந்திக்கிட்டு இருந்தா, வரவேண்டியது எப்படி வரும்?"

பேச்சித்தாய் வாசலுக்கு ஓடினாள். எருமை சொன்னதை அப்படியே புருஷனிடம் வந்து சொன்னாள். பொன்னிருளன் பதறி எழுந்தான். எந்தப் பிள்ளையைப் பார்க்க வந்தானோ அந்தப் பிள்ளைக்கு அவனே குறுக்கே உட்கார்ந்திருக்கிறான். உடனே எருமைமேல் ஏறினான்.

ஆனால் எருமை தேரியைத் தாண்டுவதற்குள் அவன் திரும்ப வாசலில் வந்து நின்றான்.

"நான் என்னட்டி செய்வேன்? தரையக் கண்டதும் காலு தானா இறங்கி நடக்குது. மனசு போன்னு சொல்லுது, காலு வீட்டுக்கு வான்னு சொல்லுது" என்றான். பொய் சொல்லவில்லை. காலமெல்லாம் வேலை முடிந்ததும் வீட்டைப் பார்த்தே நடந்து பழகிய கால் அது.

ஊர்க்காரர்கள் கூடி யோசித்தார்கள். அவன் கண்ணைக் கட்டித் தேரிக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். கருப்பட்டி காய்ச்சும் வாசத்தைப் பிடித்துத் திரும்பி வந்தான். பனையோலையால் காலடித் தடங்களைக் கூட்டி அழித்தார்கள், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் அவனையும் கூட்டிக்கொண்டு பனங்காட்டுக்குள் சுற்று சுற்று என்று சுற்றினார்கள். சுற்றியவர்களுக்கே தலை கிறுகிறுத்து வழி தவறிப்போக, பொன்னிருளன்தான் அத்தனை பேரையும் பத்திரமாக ஊருக்குக் கூட்டிவந்து சேர்த்தான்.

அவர்கள் வந்து சேர்ந்த நேரத்தில் உள்ளே சந்தனக்கனி அலறினாள். இதுவரை கேட்காத அலறல்.

"இந்த வலி நின்னா இனிமே வலியே வராது. ஏதாச்சும் செய் பேச்சி!" என்று உள்ளிருந்து கத்தினாள் மருத்துவச்சி.

பேச்சித்தாய் வாசலில் நின்ற புருஷனின் காலைப் பார்த்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த தளைநாரை எடுத்தாள். பனையேறிகள் இரண்டு பாதங்களையும் சேர்த்து மாட்டிக்கொண்டு மரம் ஏறுவார்களே, அந்த நார் வளையம்தான். பொன்னிருளன் காலில் உரசி உரசி வழவழப்பாகிப் போயிருந்தது. அதை எடுத்துவந்து அவன் முன்னால் மண்டிபோட்டாள்.

"காலச் சேத்து வையிங்க."

"என்னட்டி இது?"

"தளை போட்ட கால் தரையில நடக்காது. மேல ஏற மட்டுந்தான் அதுக்குத் தெரியும்."

பொன்னிருளனுக்குப் புரிந்தது. குனிந்து அவளையே பார்த்தான். "மாட்டிட்டா இனிமே உன்னையும் பாக்க வரமுடியாதேட்டி" என்றான்.

பேச்சித்தாய் நாரை வளைத்துப் பிடித்தாள். இத்தனை நாளும் செத்த புருஷன் வாசலில் உட்கார்ந்திருந்தது அவளுக்கு எவ்வளவு ஆறுதல் என்று அவளுக்குத்தான் தெரியும். மாட்டாவிட்டால் மகள் இல்லை. மாட்டினால் இவன் இல்லை.

"உச்சிப் பனையில இருந்து பாத்தா நம்ம வீட்டு முற்றம் முழுக்கத் தெரியும்னு சொல்லுவியள்லா? இன்னும் கொஞ்சம் மேல போய்ப் பாருங்க" என்றாள். அழுதுகொண்டே பெருவிரல் இரண்டும் ஒட்டும்படி தளைநாரை மாட்டி இறுக்கினாள்.

நாலு பேர் அவனைத் தூக்கி, வெளியே காத்திருந்த எருமைமேல் வைத்தார்கள். தேரி விளிம்பில் கால்கள் வழக்கம்போல இறங்கப் பார்த்தன, முடியவில்லை. தளை உள்ளங்காலில் பதிந்ததும் அந்தக் கால்களுக்குப் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. எருமையின் முதுகில் ஊன்றி எம்பின. மரமே இல்லாத இடத்தில் பொன்னிருளன் ஏற ஆரம்பித்தான். பனை உயரம் போனான், பருந்து உயரம் போனான். எருமை வாய் பிளந்து பார்த்துவிட்டு, முதுகு லேசான சந்தோஷத்தில் ஒரு துள்ளு துள்ளியது.

அதே நேரம் வீட்டுக்குள் குழந்தை வீல் என்று கத்தியது.

வானத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏட்டி பேச்சி! ஆம்பளையா, பொம்பளையா?"

பேச்சித்தாய் ஈரம் துடைக்காத பிள்ளையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். "பொம்பளப் பிள்ள! உங்க மூக்கு, அப்படியே உங்க சப்ப மூக்கு! தெரியுதா?"

"தெரியுதுட்டி! நல்லாத் தெரியுது!" என்று சிரித்தது குரல். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் குரல் கேட்கவே இல்லை.

ஊர் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பனையேறாதவர்கள் தளைநாருக்கு எங்கே போவார்கள்? வேட்டித் துணியில் ஒரு கீற்றைக் கிழித்துப் பெருவிரல்களை மட்டும் கட்டிப் பார்த்தார்கள். அதுவே போதுமாயிருந்தது. அன்று முதல்தான், செத்தவர்களை வீட்டிலிருந்து எடுக்குமுன் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறார்கள்; போனவர்கள் நடந்து திரும்பி வருவதில்லை, எல்லாரும் மேலே ஏறிவிடுகிறார்கள்.