தோப்புக்குக் களை வந்த கதை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். மாம்பழம் என்றால் அவருக்கு உயிர். தூசி என்றால் எமன். இந்த இரண்டு குணமும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் பாவம், கஷ்டப்படுவது மாமரம்தான்.

ராஜாவின் தூசி பயத்தை வைத்தே பிழைத்தவர் தோப்பதிகாரி வயிரவநாதர். அரண்மனை மாந்தோப்பில் ஒரு புல் தலைகாட்டக் கூடாது. முளைத்ததைச் செதுக்குவார், உதிர்ந்த சருகைக் கூட்டி எரிப்பார். தம் முகத்தையும் அப்படியே வைத்திருந்தார். விடிந்ததும் நாவிதர் வந்து மீசை, தாடி எதுவும் மிச்சமில்லாமல் மழுங்க வழித்துவிட்டுப் போவார். "தோப்பும் உம் கன்னமும் ஒன்றுபோல் மின்னுகின்றன" என்று ராஜா ஒருமுறை மெச்சிவிட்டார். அன்று முதல் வயிரவநாதரின் கால் தரையில் பாவவில்லை.

சருகும் புல்லும் தின்று வாழ்ந்த மண், வருஷக்கணக்கில் பட்டினி கிடந்து நெல்லடிக்கும் களம்போல இறுகிப்போனது. மாம்பழம் எலுமிச்சை அளவுக்குச் சுருங்கியது. "சிறியதுதான் அழகு, மகாராஜா" என்றார் வயிரவநாதர். ராஜா நம்பினார். அடுத்த கோடையில் பழம் நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. ராஜாவின் நம்பிக்கையும் அந்த அளவுக்கு வந்துவிட்டது.

"அதிகாரியாரே, தோப்பில் களையே இல்லையே! பார்த்தாலே மனம் சோர்கிறது" என்றார் சபையில்.

வயிரவநாதர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். பதவி போய்விடுமோ? சுற்றுமுற்றும் பார்த்தார். தூணோரத்தில் விகடம் பேசும் சொக்கட்டான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். ராஜா சிரிக்கும்போதெல்லாம் முத்துமாலை வாங்குகிற பயல். வயிரவநாதருக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

"மகாராஜா, சபைக்கே களை தருபவன் சொக்கட்டான் என்று தாங்கள் அடிக்கடி அருளுவதுண்டு. தோப்புக்கும் அவனே தரட்டுமே!"

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும். சொக்கட்டானே, அடுத்த கோடைக்குள் தோப்புக்குக் களை வந்தாக வேண்டும். வராவிட்டால் நீ இந்த நாட்டில் இருக்கக் கூடாது. வந்தால் தோப்பே உன் பொறுப்பு."

"பாதித் தோப்பு அடியேனிடமே இருக்கட்டும்" என்று குழைந்தார் வயிரவநாதர். "ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்."

சொக்கட்டான் வணங்கினான். "மகாராஜா கேட்டது களை. தப்பாமல் கொண்டு வருகிறேன்."

ஆடி மழை விழுந்ததும் அவன் மரங்களுக்கு நடுவே கொள்ளும் தட்டைப்பயறும் சணப்பும் விதைத்தான். புல் செதுக்க வந்த பெண்களைத் திருப்பி அனுப்பினான். சருகை யாரும் தொடவில்லை. அவன் பாதி பச்சைக் கம்பளமாக அடர்ந்தது. இடையே பெயர் தெரியாத புல்லும் பூண்டும் தாராளமாக எட்டிப்பார்த்தன. நடு வரப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த வயிரவநாதருக்குத் தேன் குடித்தது போல இருந்தது. முட்டாள் தன் குழியைத் தானே வெட்டிக்கொண்டான்! கோடை வரை காத்திருப்பானேன் என்று ராஜாவைக் கையோடு அழைத்து வந்தார்.

அது புரட்டாசி நடுப்பகல். பொன்னுருகக் காய்ந்தது. பல்லக்கை வரப்பில் இறக்கினார்கள். ராஜாவின் எதிரில் யாரும் பாதரட்சையோடு நிற்கக் கூடாது என்பது சபை விதி. அந்த விதியைக் கொண்டுவந்தவரே வயிரவநாதர்தான். எல்லோரும் கழற்றினார்கள். சொக்கட்டான் கொள்ளுக்கொடி மேல் நின்றான். அந்தக் குப்பையில் கால் வைப்பாரா வயிரவநாதர்? தம் பாதியில், பளிச்சென்ற வெறுந்தரையில் நின்றார்.

"இது என்னடா காடு?" என்று கத்தினார் ராஜா.

"தாங்கள் கேட்ட களை, மகாராஜா."

"நான் கேட்டது இந்தக் களையா?"

"கேட்டீர்களா மகாராஜா, இவன் திமிரை!" வயிரவநாதர் குனிந்து ஒரு தட்டைப்பயற்றுச் செடியைப் பிடுங்கினார். "வேரெல்லாம் கொப்புளம்! இந்த நோய் மாமரத்துக்கும் பரவும்!"

"கொப்புளம் இல்லை, முடிச்சு" என்றான் சொக்கட்டான். "வீட்டுக்காரி முந்தானையில் காசு முடிந்து வைப்பதுபோல, இந்தச் செடி மண்ணுக்குச் சோறு முடிந்து வைத்திருக்கிறது. அது போகட்டும். அதிகாரியார் என் குற்றங்களை விளக்கமாகச் சொல்லட்டும், மகாராஜா. அவசரமே இல்லை."

வயிரவநாதர் ஆரம்பித்தார். முதல் குற்றம் சொல்லும்போது வலது காலைத் தூக்கினார். இரண்டாவதில் இடது காலை. உள்ளங்கால் தோசைக்கல்லில் வைத்ததுபோல் எரிந்தது. மூன்றாவது குற்றம் பாதியிலேயே நின்றது. அவர் ஒரே தாவாகத் தாவிக் கொள்ளுக்கொடிக்குள் போய் நின்றார். 'அப்பாடா' என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தாம் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது.

"களைக்குள் ஏன் போனீர்?" என்றார் ராஜா.

"அது... இங்கே... குளிர்ச்சியாக இருக்கிறது, மகாராஜா."

ராஜா தம் பாதரட்சையைக் கழற்றி வெறுந்தரையில் ஒரு காலை வைத்தார். 'ஐயோ' என்று எடுத்தார். பச்சையில் வைத்தார். எடுக்கவில்லை.

"மகாராஜா, அதிகாரியாரின் கால் மூன்று குற்றம் சொல்லி முடிக்கிற வரைகூடத் தாங்காத சூட்டை, மாமர வேர் இத்தனை வருஷம் தாங்கியது. வேருக்குத் தாவ இடமில்லை." இதைச் சொல்லும்போது சொக்கட்டான் சிரிக்கவில்லை. "இந்தக் களை போனது, பின்னாலேயே அந்தக் களையும் போனது. இது வந்தால் அதுவும் வரும்."

ராஜா இன்னொரு காலையும் பச்சையிலேயே வைத்தார். பிறகு வயிரவநாதரைப் பார்த்தார். "உண்மைதான். உம் முகத்திலும் களையே இல்லையே, அதிகாரியாரே?"

"எப்படி இருக்கும்?" என்றான் சொக்கட்டான். "தினம் தினம் செதுக்கிவிடுகிறாரே!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பினூடே ஓர் உத்தரவும் பிறந்தது. கோடை வரும்வரை வயிரவநாதரின் முகத்தில் கத்தி படக் கூடாது!

அந்த வாரமே மழை மண்ணுருகப் பெய்தது. வயிரவநாதரின் பாதியில் விழுந்த தண்ணீர் செம்மண்ணை வாரிக்கொண்டு வாய்க்காலில் ஓடியது. சொக்கட்டான் பாதியில் அது மண்ணுக்குள் இறங்கிப்போனது. சணப்பு பூத்ததும் அவன் அதை உரமாக மடக்கி மண்ணோடு உழுதான். கோடையில் அவன் மரங்களில் பழம் கைக்கு அடங்காமல் தொங்கியது. ராஜா சாறு முழங்கை வரை வழிய வழியத் தின்றார். துடைத்துக்கொள்ளக்கூட மறந்து சிரித்தார். முழுத் தோப்பையும், கூடவே முதல் கூடைப் பழத்தையும் சொக்கட்டானுக்குக் கொடுத்தார். வயிரவநாதரின் பாதியில் மட்டும் நெல்லிக்காய் காய்த்திருந்தது.

தடை முடிந்த அன்று விடியற்காலையில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு வயிரவநாதர் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோப்பும் போய், மானமும் போய், தாடியைச் சொறிந்தபடி அவர் வெளியே வந்தார். அவர் மனைவி தண்ணீர்ச் செம்போடு பின்னால் வந்து அவர் முகத்தை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, அதை எதுக்கு எடுக்கிறீங்க? கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இப்பத்தான் உங்க முகத்துல ஒரு களை வந்திருக்கு."

வயிரவநாதர் தாடியைத் தடவிப் பார்த்தார். பிறகு நாவிதரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.