மங்கையர்க்கரசியின் சூரியன்

மலைமேல் ஒரு சூரிய ஆய்வு நிலையம். அங்கே மங்கையர்க்கரசி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். சூரியன் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த அதிர்வை விண்கலத்திலிருந்து அளந்தால், கண்ணுக்குத் தெரியாத அதன் உட்புறத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். அதுதான் அவர் துறை. சூரியனின் நடுப்பகுதி என்ன வேகத்தில் சுழல்கிறது என்று முதலில் சொன்னவரும் அவர்தான். அந்த வேகம் பாடப்புத்தகம் வரை போய்விட்டது. அவர் பேரும் புகழும் அந்த ஒரு எண்ணில்தான் நின்றன.

இருதயராஜ் அவரிடம் ஆராய்ச்சி மாணவர். மாணவர் என்றால் சின்னப் பையன் இல்லை. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அந்த வேகத்தை வகுப்பில் சொல்லிச் சொல்லியே மேடத்தின்மேல் பக்தி முற்றி, நீண்ட லீவு போட்டுவிட்டு மலையேறி வந்தவர்.

ஒருநாள் அவர் கேட்டார்.

"உங்க முடிவு தப்பா இருக்க வாய்ப்பு உண்டா மேடம்?"

ஊரில் அவர் வகுப்பு மாணவி ஒருத்தி அவரிடம் கேட்ட கேள்வி அது. கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேடம் பதிலுக்கு ஒரு தரவுத் தொகுப்பைக் கொடுத்து, தன் முறையிலேயே நடுப்பகுதியின் வேகத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார். விண்கலத்திலிருந்து வந்ததுதானே என்று இவரும் கேட்கவில்லை.

முதலில் இருதயராஜுக்கு எதுவுமே கிடைக்கவில்லை. மேடமாவது தப்பாவது, நான்தான் சொதப்புகிறேன் என்று, தரவில் கலந்த இரைச்சலை வடிகட்டும் அளவை இப்படித் திருகி அப்படித் திருகி மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். கடைசியில் வந்தேவிட்டது. அச்சு அசலாக மேடம் சொன்ன அதே வேகம். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. லட்டு வாங்கிக்கொண்டு ஓடினார்.

மேடம் முடிவைப் பார்த்தார். லட்டைத் தொடவில்லை.

"வடிகட்டுறதை எப்ப நிறுத்தினீங்க?"

"இந்த வேகம் வந்ததும் மேடம்."

"நானும் அன்னைக்கு, நான் நினைச்சிருந்த வேகம் வந்ததும்தான் நிறுத்தினேன்."

இருதயராஜுக்குப் புரியவில்லை. மேடம் தொடர்ந்தார்.

"இது விண்கலம் அனுப்பினது இல்ல. நான் கம்ப்யூட்டர்ல செஞ்ச சூரியன். இதோட நடுப்பகுதி சுத்தவே சுத்தாது."

இருதயராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுழலாத ஒன்றில் சுழற்சியைக் கண்டுபிடித்திருக்கிறார், அதுவும் புள்ளி பிசகாமல். அப்படியென்றால் பாடப்புத்தகத்தில் இருப்பது? இத்தனை வருஷம் தான் வகுப்பில் சொன்னது? மேடத்தின் முகத்தைப் பார்த்தார். அவரும் வெளிறித்தான் போயிருந்தார். அந்த எண் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் கொடுத்திருக்க வேண்டும்.

இருதயராஜ் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"இது நமக்குள்ளேயே இருக்கட்டும் மேடம். நான் எல்லாத்தையும் அழிச்சிடறேன்."

"அழிச்சிடலாம் இருதயராஜ். அப்புறம் சூரியன்கிட்ட போய், மங்கையர்க்கரசி சொன்ன வேகத்துலயே சுத்துன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"