செங்கோடரின் கல்

கட்டையைக் கொண்டுவந்து போட்டு, நஞ்சப்பனின் வலது கையை அதன்மேல் வைத்துக் கட்டியும் ஆயிற்று. வெட்டுகிறவன் அரிவாளில் விரலோட்டிப் பார்த்தான். அப்போதுதான் நஞ்சப்பனின் பெண்டாட்டி பாவாயி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து, "ராசாவே, கொஞ்சம் பொறுங்க!" என்றாள்.

நஞ்சப்பன் யாரென்றால், அந்த ஊர்க் களஞ்சியத்துக்குக் காவல்காரன். ஊருக்கே பொதுவான விதைநெல்லைக் காணோம். ஆடி பிறந்தாயிற்று, விதைக்க ஒரு பிடி இல்லை. "காவல்காரன்தான் திருடினான், என் கண்ணால் பார்த்தேன்" என்று சொன்னவர் மந்திரி செங்கோடர். செங்கோடர் சொன்னால் அந்த ஊரில் மறுபேச்சு கிடையாது.

ஏன் கிடையாது? கேளுங்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எதிரிப்படை ஆற்றைத் தாண்ட வந்தபோது, செங்கோடர் ஒற்றை ஆளாகத் துறையில் நின்றார். விடிந்ததிலிருந்து உச்சிப்பொழுது வரை வேல் பட்டும் நின்றார், வாள் பட்டும் நின்றார், கண்ணில் ரத்தம் இறங்கியும் நின்றார். அப்புறம் வெள்ளம் வந்து எதிரியையும் அவரையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. செத்துவிட்டார் என்று ஊரே அழுது, ஊருக்காகச் செத்தவர்களுக்கு நடுகிற மாதிரி அவருக்கும் கல் நட்டு, பொங்கல் வைத்துக் கும்பிட்டது. எட்டாம் நாள் மனிதர் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார்! நட்ட கல்லைப் பிடுங்கலாமா? கூடாது. அதனால் கல்லும் நின்றது, ஆளும் நடமாடினார். ராசா மந்திரி வேலை கொடுத்தார். கல்லைக் கும்பிட்ட சனம் எதிரே வந்த ஆளையும் கும்பிட்டது. கும்பிடுகிற ஆளிடம் போய், களஞ்சியத்தை எதற்குத் திறந்தீர் என்று யார் கேட்பது?

"என்ன பாவாயி?" என்றார் ராசா.

"கை வாங்குற வழக்குன்னா, குத்தம் சொன்னவங்க கல்லைத் தொட்டுச் சத்தியம் பண்ணணுமே. மந்திரி இன்னும் பண்ணலீங்களே."

கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். "அடி கூறுகெட்டவளே, பழைய கல்லெல்லாம் அந்த வெள்ளத்தோட போச்சு. மிச்சமிருக்கிறது அவரு கல்லு ஒண்ணுதான்!"

"அவரு கல்லுதானே? அப்பறம் அவருக்கென்ன பயம்?"

செங்கோடரும் சிரித்தார். "வா தாயி, பண்றேன்" என்று போய்க் கல்லின் தலைமேல் கை வைத்தார். சத்தியத்துக்கு அங்கே வழிவழியாக ஒரே வாசகம்தான்: 'இந்தக் கல்லில் இருப்பவன் ஊருக்காக நின்றது எவ்வளவு உண்மையோ, நான் சொல்வதும் அவ்வளவு உண்மை.'

"இந்தக் கல்லில் இருப்பவன்" என்று தொடங்கினார், இருமல் வந்தது. மறுபடி தொடங்கினார், "ஊருக்காக" என்று வந்ததும் தண்ணீர் கேட்டார், கொடுத்தார்கள், குடித்தார். மூன்றாந்தரம் "எவ்வளவு உண்மையோ" வரைக்கும் வந்தார். பாவாயி அவர் வாயையே பார்த்தாள். எத்தனையோ பொய்யைக் கூசாமல் சொன்ன வாய்தான். ஆனாலும் கல்லிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அன்னிக்கு நின்னது நெசம்" என்றார் மெதுவாக. "இதை அதோட சேர்க்க மாட்டேன்."

"வெளங்கச் சொல்லும்" என்றார் ராசா.

"நெல்லை வித்தது நான்தான். அக்கரைக்காரங்களுக்கு."

அக்கரைக்காரர்கள் யார்? வேல்குத்தும் வாள்வெட்டும் உடம்பில் வாங்கிக்கொண்டு அன்று செங்கோடர் தடுத்தாரே, அவர்களேதான்.

நஞ்சப்பனின் கைக்கட்டை அவிழ்த்தார்கள். கல்லை உடை என்று பாதிக் கூட்டம் கத்தியது, ஆளை வெட்டு என்று பாதிக் கூட்டம் கத்தியது. ராசா கையமர்த்தி, "உன் புருசனுக்குத் தீட்டின அரிவாள். இவர் கையை என்ன பண்றதுன்னு நீயே சொல்லு" என்றார்.

துறையில் வேல் பிடித்து நின்றதும் அந்தக் கைதானே என்று பாவாயிக்குத் தோன்றியது.

"அவரு கையை வெச்சு நான் என்ன பண்ண? ஆடி போயிட்டிருக்கு. அவரு வீட்டுக் குதிர் நிறைய அவரு சொந்த நெல்லு கெடக்கு. அவரே சுமந்து கொண்டாந்து கொட்டட்டும்."

அப்படியே ஆயிற்று. ராசா மந்திரி வேலையைப் பிடுங்கிக்கொண்டார். செங்கோடர் வீட்டுக்கும் களஞ்சியத்துக்குமாக நொண்டி நொண்டி மூட்டை சுமந்தார். அவர் தலை தெரிந்தாலே எழுந்து நிற்கிற சனம் உட்கார்ந்தபடி பார்த்தது. ஒருத்தரும் கும்பிடவில்லை, ஒருத்தரும் பேசவில்லை, ஒருத்தரும் ஒரு கை பிடித்துவிடவில்லை.

களஞ்சியப் படியில் நஞ்சப்பன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செங்கோடர் மூட்டையோடு படியேறி வந்தபோது, நீட்டியிருந்த காலை மடக்கி வழி விட்டான்.