வெள்ளியில் பதிக்க ஒரு மஞ்சள் கல்

திருச்சியில் ஜமீலாவிடம் கல் பார்க்கக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. அவருக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. நான் அவரை வாத்தியாரம்மா என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். லாரி ஆபீஸில் கத்திக் கத்தியே காலம் தள்ளியவன் நான். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அவர் குரல் உயர்ந்து ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு காலையில் மாசிலாமணி என்று ஒரு மெக்கானிக் வந்தார். காகிதத்தில் சுற்றிய வெள்ளி மோதிரம் ஒன்றை மேஜையில் வைத்தார். நடுவில் ஆரஞ்சு மஞ்சளாக ஒரு கல்.

"போன வருஷம் கல்யாண நாளுக்கு என் வீட்டுக்காரிக்கு வாங்கினதுங்க. பொருட்காட்சியில ஒரு கடை. சிட்ரின், மண்ணுல விளைஞ்ச கல்லுன்னு சொல்லிக் கொடுத்தான். கல் ஆடுதேன்னு நேத்து ஆசாரிகிட்ட கொண்டுபோனா, கண்ணாடிங்கறார்."

வாத்தியாரம்மா லென்ஸை என்னிடம் நீட்டினார். பார்த்தேன். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துப் பட்டைகளின் விளிம்பெல்லாம் மழுங்கியிருந்தது. உள்ளே ஒரு காற்றுக்குமிழி. சந்தேகமே இல்லை, கண்ணாடிதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்தக் கடை தம்பி? வாங்க, இப்பவே போவோம். சட்டையைப் பிடிச்சு நடுத்தெருவுல நிறுத்தறேன் அவனை."

"பொருட்காட்சி முடிஞ்சுபோச்சுங்க. எங்க போய்த் தேடறது?"

"அதுக்காக விட்டுடறதா? கை பூரா கிரீஸோட உழைக்கிற மனுஷனை ஏமாத்தியிருக்கான். அவன் நல்லா இருப்பானா?"

வாத்தியாரம்மா என் பக்கம் திரும்பவேயில்லை. "வீட்டுல தெரியுமா?" என்று அவரிடம் கேட்டார்.

"தெரியாது. தெரியவும் கூடாதும்மா. பால்வாடியில வேலை பார்க்கறா. எங்க வீட்டுக்காரர் நிஜக் கல் வாங்கித் தந்தார்னு அங்க எல்லார்கிட்டயும் காட்டியிருக்கா. கண்ணாடிக்கு ஏமாந்தவன்னு அவ முன்னாடி நான் எப்படி நிக்கறது? இதே நிறத்துல நிஜக் கல் ஒண்ணு வெச்சுக் கொடுத்துடுங்க."

வாத்தியாரம்மா வெள்ளைக் காகிதத்தில் பத்துக் கற்களைப் பரப்பினார். மாசிலாமணி பழைய நிறத்திலேயே ஒன்றைச் சட்டென்று தொட்டார்.

"அது செவ்வந்திக்கல். ஊதாவா இருந்ததைச் சூட்டுல வெச்சு மஞ்சளாக்கினது. கல் நிஜம். நிறம் நெருப்பு கொடுத்தது."

"தானா விளைஞ்ச நிறம் எதும்மா?"

வாத்தியாரம்மா வேறொரு கல்லை எடுத்துச் செய்தித்தாளின் மேல் வைத்தார். அடியிலிருந்த எழுத்து படிக்க வரவில்லை. "நல்லாப் பட்டை தீட்டியிருக்கு. வெளிச்சம் அடியில ஒழுகிப் போகாம திரும்பி வருது. இதுதான்."

வடித்த கஞ்சியில் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்ட மாதிரி இருந்தது அது.

"இவ்வளவு வெளுப்பாவா?"

"பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தங்கத்துல வெச்சா அதோட மஞ்சள் கொஞ்சம் கல்லுல ஏறும். வெள்ளி எதையும் கொடுக்காது. கல் தன் நிறத்தோட நிக்கணும்."

மாசிலாமணி இரண்டு கற்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை வெச்சா பார்த்த உடனே கண்டுபிடிச்சிருவா. அதை வெச்சா, மண்ணுல விளைஞ்ச நிறம்னு சொல்ல வாய் வராது." அவர் கண் கலங்கிவிட்டது.

எவனோ பண்ணிய அயோக்கியத்தனத்துக்கு இந்த மனுஷன் ஏன் தலை குனிய வேண்டும்? அந்த எரிச்சலிலேயே எனக்கு ஒரு யோசனை வந்தது.

"தம்பி, கவலையை விடுங்க. வெளிறின கல்லையே வைப்போம். அடியில மஞ்சள் ஜிகினாத் தாள் ஒட்டி, பின்பக்கத்தை வெள்ளித் தகட்டால அடைச்சிடலாம். கல்லும் நிஜம், நிறமும் பழைய மாதிரியே இருக்கும். எந்தக் கொம்பனாலயும் கண்டுபிடிக்க முடியாது. வீட்டம்மா சந்தோஷப்படுவாங்க, யோசிக்காம எடுத்துட்டுப் போங்க."

மாசிலாமணியின் முகம் தெளிந்தது. "அப்படிச் செய்ய முடியுமாம்மா?"

"முடியும்" என்றார் வாத்தியாரம்மா. "அந்தக் கண்ணாடியை வித்தவன் கடைசியா என்ன சொல்லி உங்க கையில கொடுத்தான்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் வாங்கலாமா வேண்டாமான்னு தயங்கிட்டு நின்னேன். 'அண்ணி சந்தோஷப்படுவாங்க, யோசிக்காம எடுத்துட்டுப் போங்கண்ணே'ன்னான்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அப்புறம் அவர் வெளிறிய கல்லை வாத்தியாரம்மாவின் பக்கம் தள்ளினார். "இதையே வெச்சிடுங்க. பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். அவளை இங்கயே வரச் சொல்றேன். திட்டினா வாங்கிக்கறேன்." போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்னை அந்தத் திருட்டுப் பயலோட ஒண்ணா நிறுத்திட்டீங்களே வாத்தியாரம்மா. இது நியாயமா? அவன் காசுக்காகச் சொன்னான். நான் அந்த மனுஷன் கண் கலங்கறதைப் பார்க்க முடியாம, மனசாரச் சொன்னேன்."

வாத்தியாரம்மா மீதிக் கற்களைப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"தெரியும்ணே. அதனாலதான் அவன்கிட்ட தயங்கினவர், உங்ககிட்ட தயங்கவே இல்ல."